கோடு வரைக்கும் தண்ணீர்

ஊரில் உள்ளவர்களின் ஃப்ரிட்ஜையும் ஏசியையும் குளிர வைப்பதுதான் என் தம்பியின் தொழில். அவனுடைய சொந்தக் கார் கொதித்தது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் முதல் வாரம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தக் கார் ஓடாவிட்டால் அவன் தன் மகளைப் பார்க்க முடியாது.

விவரமாகவே சொல்லிவிடுகிறேன். அவனும் அவன் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். ஊரைக் கூட்டிய சண்டை எதுவும் இல்லை. முதலில் பேசுவதை நிறுத்தினார்கள், பிறகு ஒரே வீட்டில் இருப்பதையும் நிறுத்தினார்கள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குழந்தை அவளோடு இருக்கிறது. தம்பி எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் போய்க் குட்டியை அழைத்துக்கொண்டு வரலாம். ஞாயிறு அவளுக்கு விடுமுறை என்பதால் சாயங்காலம் அவளே ஸ்கூட்டரில் வந்து கூட்டிப் போவாள். இதுதான் ஏற்பாடு. அதிலும் ஒரு சட்டம் உண்டு. குழந்தை அவன் காரில்தான் வர வேண்டும், அவன்தான் ஓட்ட வேண்டும், வாடகை வண்டி கூடாது. ஆஸ்பத்திரியில் எதையோ பார்த்துவிட்டு வந்து அவள் போட்ட சட்டம் அது. பஸ் என்றால் அந்த மேட்டுக்கு ஏறாது.

மேடு என்றேன் இல்லையா, அதில்தான் வினை. அவள் வீடு மேட்டின் உச்சியில் இருக்கிறது, எங்கள் வீடு பள்ளத்தில். நடுவில் நீளமான ஏற்றம். சமதரையில் சமர்த்தாக ஓடுகிற கார் அந்த ஏற்றத்தில் தன் வேலையைக் காட்டும். சூடு காட்டும் முள் மெல்ல ஏறும், சிவப்பைத் தொடும், பானெட்டின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பும். ஓரமாக நிறுத்தி, ஆறும் வரைக்கும் நின்று, தண்ணீர் ஊற்றி, மறுபடி புறப்பட வேண்டும். முதல் சனிக்கிழமை லேட். அடுத்த சனிக்கிழமையும் லேட். மூன்றாவது வாரம் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிப் போனான். கார் அதற்குத் தகுந்தாற்போல் கூடுதலாக இன்னொரு இடத்தில் நின்றது. அவன் போய்ச் சேர்ந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஆஸ்பத்திரி வேன் யாருக்காகவும் காத்திருக்காது. அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. கையெல்லாம் அழுக்கு என்பதால் தம்பி ஸ்பீக்கரில் போட்டான். அதனால் நானும் கேட்க நேர்ந்தது.

"இனிமே இவகிட்ட நான் என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க," என்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை, களைத்துப் போய்ப் பேசினாள். "வர்ற சனிக்கிழமை பத்து மணிக்கு நீங்க வரலன்னா இந்த ஏற்பாடே வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை நானே கூட்டிட்டு வந்து காட்டுறேன். வாசல்ல உக்கார வச்சு வச்சு என்னால முடியல."

"டிராஃபிக்," என்றான் தம்பி.

அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் போட்டேன்.

"ஏண்டா, வண்டி கொதிக்குதுன்னு சொன்னா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?"

"சொன்னா? கொதிக்கிற வண்டியில புள்ளைய ஏத்துவாளா? அவ நர்சுக்கா. வெந்த கையி, வெந்த மூஞ்சின்னு தினமும் பாக்குறவ."

சொன்னால் குழந்தையை அனுப்ப மாட்டாள், சொல்லாவிட்டால் அக்கறை இல்லாதவன் என்று நினைப்பாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். என் தம்பிக்குப் பொய்யும் ஒழுங்காக வராது, உண்மையும் நேரத்துக்கு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி.

அன்று ராத்திரியே மெக்கானிக்கிடம் காட்டினோம். அவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள பிரிச்சுப் பாக்கணும். வர்ற வாரம் முழுக்க கை நிறைய வேலை, அதுக்கடுத்த வாரம் விட்டுட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டார். அது வரைக்கும் எங்களுக்கு அவகாசம் இல்லை. "நானே பாத்துக்கறேன்," என்றான் தம்பி. "அதுவும் குளிர வைக்கிற மிஷின்தானே."

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் குடிநீர் வாரியத்தில் இருக்கிறார். தரைக்குக் கீழே போகிற குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. விடிந்தும் விடியாமல் கிளம்பிவிடுவார். ஒரு நாள் முழுக்க அவர் பேசுகிற பேச்சைச் சேர்த்து வைத்தால் ஒரு டம்ளர் நிரம்பாது. அப்படிப்பட்ட மனிதர், தம்பியின் குடும்பம் உடைந்த சமயத்தில் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல." அவ்வளவுதான். அன்றிலிருந்து தம்பி அவரோடு பேசுவதில்லை. அவரும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது இரண்டு பேருக்கும் சுலபமாகத்தான் இருந்தது, ஏனென்றால் நான் ஒருத்தி இருக்கிறேன். "உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு," என்பார் இவர். "உப்பு அத்தான் கைக்குப் பக்கத்துலதான் இருக்குன்னு சொல்லுக்கா," என்பான் அவன். உப்பு அவர்கள் நடுவில் இருக்கும், நான் சமையலறையில் இருப்பேன். தபால்காரருக்காவது ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டு.

ஞாயிறு காலையில் தம்பி வேலையை ஆரம்பித்தான். நான் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுப்பவள். என் தையல் மிஷின் வாசல் ஜன்னலை ஒட்டி இருக்கிறது, காரும் அந்த ஜன்னலுக்கு நேராக நிற்கும். அதனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே தைத்தேன். முதலில் ரேடியேட்டரைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவினான். பூச்சியும் சருகும் சேறுமாக ஒழுகியது. இஞ்சினை ஓடவிட்டு ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்தான். சுற்றியது. ஆயில் மூடியைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தான். ஆயிலில் தண்ணீர் கலந்தால் வெள்ளையாக நுரைத்திருக்குமாம். அப்படி எதுவும் இல்லை. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விறைத்துப் போயிருந்தது என்று புது மூடி வாங்கிப் போட்டான்.

பிறகு என் பால் பாத்திரத்தைக் கேட்டான்.

"எதுக்கு?"

"தெர்மோஸ்டாட்ட வேக வைக்கணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். நிஜமாகவே பித்தளை நிறத்தில் ஒரு சின்னச் சாமானைக் கொண்டுவந்து, நூலில் கட்டி, அடுப்பில் வைத்த தண்ணீருக்குள் தொங்கவிட்டான். ஏசி வேலைக்கு வைத்திருக்கிற தெர்மாமீட்டரையும் உள்ளே விட்டான். தண்ணீர் சூடானால் அது தானாகத் திறந்து வழிவிட வேண்டும். திறக்காமல் மக்கர் பண்ணினால் அதுதான் குற்றவாளி. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அது சொல்லி வைத்தாற்போல் வாயைத் திறந்தது. எனக்குப் பால் பாத்திரம் போனதுதான் மிச்சம்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றான் சோர்ந்துபோய்.

அன்றைக்கு நான் செய்த உதவி, காரின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்தது. முன் சீட்டில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இடத்தில், காலுக்குக் கீழே போட்டிருக்கும் விரிப்பு நனைந்து கிடந்தது. ஓரத்தில் எறும்பு வரிசை.

"குட்டிக்கு ஜூஸ் வாங்கிக் குடுத்து இங்கயே ஊத்தவச்சியா?"

"ஜூசும் இல்ல ஒண்ணும் இல்ல. அது ஏசி தண்ணிக்கா. வெளிய போற குழாய் அடைச்சா உள்ள சொட்டும். போன மாசமே ஊதி விட்டேன், மறுபடி அடைச்சிருக்கும்."

ஏசிக்காரன் சொல்லும்போது தையல்காரி என்ன பேசுவது. விரிப்பைச் சுவர்மேல் காயப்போட்டேன்.

கடைசியாக அவன் செய்தது ஒன்றுதான் புத்திசாலித்தனமான காரியம் என்று நான் நினைத்தேன். இஞ்சின் பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. ரேடியேட்டருக்கு மிஞ்சின தண்ணீர் அதில் நிற்கும், குறைந்தால் அதிலிருந்து போகும். அதில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில் என் துணி மார்க்கரை வாங்கி ஒரு கறுப்புக் கோடு போட்டான். "எங்கயாவது ஒழுகினா இந்தக் கோட்டுக்குக் கீழ இறங்கும். தினமும் காலைல பாக்கப் போறேன்," என்றான். என்னிடம் சொன்னான். வீட்டில் இன்னொருவர் இருக்கிறார், அவரிடமும் சொல்லுவோம் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வாரம் முழுக்கக் காரில்தான் வேலைக்குப் போய் வந்தான். காலையில் எழுந்ததும் பல்லைக்கூடத் துலக்காமல் டார்ச்சோடு போய் டப்பாவைப் பார்ப்பான். தண்ணீர் அப்படியே கோட்டில் நிற்கும். ஒரு நாள் வேலை முடிந்து ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். பாதி தூரத்திலேயே முள் ஏறியதாம், சிவப்புக்கு முன்னால் திருப்பிவிட்டானாம். மறுநாள் காலையில் பார்த்தால் தண்ணீர் மயிரிழைகூடக் குறையாமல் கோட்டிலேயே நின்றது.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசற்படியில் வந்து உட்கார்ந்தான்.

"தண்ணி குறையலக்கா. அப்ப ஒழுகல. ஒழுகாம கொதிக்குதுன்னா கோளாறு இஞ்சினுக்குள்ளதான். மெக்கானிக் சொன்னதுதான் சரி, பிரிக்கணும். சனிக்கிழமைக்குள்ள நடக்காது."

நானும் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாசத்துக்கு ஒரு வாட்டி போதும்னு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன். அவ சொல்லி நான் கேக்குறதுக்கு, நானே சொன்னா கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும்."

அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும். "மரியாதைய வச்சுக் கஞ்சி காய்ச்சிக் குடி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். போனவள் அடுப்படியில் நின்று அழுதேன். அவன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிற சனிக்கிழமைகளில்தான் இந்த வீட்டில் அவன் வாய்விட்டுச் சிரிப்பான். மாதத்துக்கு ஒரு முறை சிரிக்கிற தம்பியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எனக்கு வழக்கத்தைவிட முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. தேநீர் போடலாம் என்று போனால் தண்ணீர் ஜாடியைக் காணோம். வாசல் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகிற உடுப்பில், பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மருந்து அளக்கிற மாதிரி அந்த டப்பாவில் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி ஊத்துறேன்."

"எதுக்கு?"

"குறைஞ்சிருக்கு. இதுவரைக்கும் ஊத்தணும்னுதான உன் தம்பி கோடு போட்டு வச்சிருக்கான். போட்டவன் ஊத்தறதில்ல. தூங்கறான்."

"தினமும் ஊத்துறீங்களா?"

"தினமும்தான் குறையுது."

அவன் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கோடு போட்டிருக்கிறான். இவர் அதை அளவுக் கோடு என்று நினைத்து, மச்சினனின் இஞ்சின் வெந்துபோகக் கூடாதே என்று, யாருக்கும் தெரியாமல் தினமும் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார். அவன் எழுந்து வந்து பார்த்து, குறையவில்லை குறையவில்லை என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கிற சமாசாரம்.

"ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"அவன்தான் பேச மாட்டானே."

நான் பின்னறைக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினேன். தம்பி லுங்கியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். வாசலில் இரண்டு பேரையும் நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னேன். என் குரலுக்கு எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. தம்பி டப்பாவைப் பார்த்தான், ஜாடியைப் பார்த்தான், கடைசியாக இவரைப் பார்த்தான். அடிக்கப் போகிறானோ, அழப் போகிறானோ என்று தெரியாமல் நான் நடுவில் நின்றேன்.

"எவ்வளவு குறையும்னு கேளுக்கா," என்றான்.

"ரெண்டு விரக்கடைன்னு சொல்லு," என்றார் இவர்.

"ஆனா கீழ ஒரு சொட்டுகூட இல்லையேக்கா. நானும் அட்டை விரிச்சு வச்சுப் பாத்தேன்."

"தண்ணி மாயமா மறையாதுன்னு சொல்லு. ஒரு இடத்துல காணோம்னா இன்னொரு இடத்துல இருக்கும். ஈரம் எங்கன்னுதான் தேடணும்."

எனக்குச் சட்டென்று சுவர்மேல் காயப்போட்ட விரிப்பு ஞாபகம் வந்தது. காயப்போட்டு எடுத்துப் போட்ட பிறகும் அது நசநசவென்று இருந்தது. கதவைத் திறந்து கையை வைத்தேன். மறுபடி ஈரம். விரலோடு விரல் ஒட்டியது. எறும்பு இந்த முறை குடும்பத்தோடு வந்திருந்தது.

"ஏண்டா, ஏசி தண்ணிக்கு எறும்பு வருமா?"

தம்பி என்னைத் தள்ளிவிட்டு உள்ளே குனிந்தான். மூக்கை வைத்து முகர்ந்தான். நான் என் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு நாக்குப் பக்கம் கொண்டுபோனேன், கையைத் தட்டிவிட்டான். "வாயில வைக்காத, விஷம்," என்றான். இஞ்சின் தண்ணீரில் கலக்கிற கூலண்ட் தித்திக்குமாம், அதற்குத்தான் எறும்பு வருமாம். பிறகு சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஹீட்டர்," என்றான். "குளிருக்குப் போடுற ஹீட்டருக்கு டாஷ்போர்டுக்கு உள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்குக்கா. இஞ்சின் தண்ணிதான் அதுக்குள்ளயும் ஓடும். அது பொத்துக்கிச்சு. ஏத்தத்துல அழுத்தம் ஏற ஏற உள்ளயே ஒழுகியிருக்கு. ஈரத்தப் பாத்தா எனக்கு ஏசியத் தவிர வேற எதுவும் தோணல."

ஊரில் வேறு எவனாக இருந்தாலும் ஈரத்தைக் கண்டதும் சந்தேகப்பட்டிருப்பான். ஏசி மெக்கானிக்குக்கு மட்டும்தான் அது பழகின ஈரம். தண்ணீர்க்காரருக்கோ தண்ணீர் குறைந்தால் ஊற்றத்தான் கை போகும். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காரைக் கிட்டத்தட்டக் கொன்றிருப்பார்கள்.

அந்தக் குட்டி ரேடியேட்டரை மாற்ற டாஷ்போர்டையே கழற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை. ஆனால் இஞ்சினிலிருந்து அதற்குப் போகிற ஹோஸ் ஒன்று, வருகிற ஹோஸ் ஒன்று. இரண்டையும் பிடுங்கி ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் தண்ணீர் அந்தப் பக்கமே போகாது. ஹீட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். வெயில் காலத்தில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்.

"இணைக்கறதுக்கு ஒரு ஜாயிண்ட் வேணும். கடை திறக்கட்டும்," என்றான் தம்பி.

இவர் உள்ளே போனார். தன் தகர டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, கிண்டி, விரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் ஹோஸில் வைத்துப் பார்த்தான். சரியாகப் பொருந்தியது. அன்றைக்கு அவர் வேலைக்கு லீவு சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் காய்ச்சல் இல்லாமல் லீவு போட்டு நான் பார்த்ததில்லை.

ஹோஸ் இருக்கிற இடம் இஞ்சினுக்குப் பின்னால், ஒரு கைதான் நுழையும். தம்பி நுழைத்தான், முழங்கை வரைக்கும் சிராய்த்துக்கொண்டான். ஹோஸை இறுக்கிப் பிடித்திருந்த பழைய கிளாம்ப் துருப்பிடித்து அசைய மறுத்தது.

"அந்தக் குறடக் கேளுக்கா," என்றான்.

"எந்தக் குறடுன்னு கேளு," என்றார்.

"நான் உள்ள போய் அடுப்பப் பாக்கணும்," என்றேன். "வேணும்னா நீங்களே கேட்டுக்கங்க." சொல்லிவிட்டு நிஜமாகவே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வெகு நேரம் குறடு இரும்பில் வழுக்குகிற ஓசை மட்டும் கேட்டது. அப்புறம் தம்பியின் குரல், காருக்குள்ளே பேசுவது போல் அமுங்கி வந்தது.

"மூக்கு வளைஞ்சது இருக்குமா அத்தான்?"

"இந்தா. கைய எடு மாப்ள, நான் இந்தப் பக்கத்துலேர்ந்து புடிக்கறேன், நீ இழு."

அதற்குப் பிறகு நான் இல்லாமலேயே வேலை நடந்தது. குழாய்த் துண்டைப் போட்டு இரண்டு பக்கமும் புது கிளாம்ப் இறுக்கினார்கள். பழைய தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுப் புதுக் கூலண்ட் நிரப்பினார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து இஞ்சினை ஓடவிட்டு, ஹோஸை அமுக்கி அமுக்கி உள்ளே இருந்த காற்றை வெளியே எடுத்தார்கள். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு முதுகைத் தட்டுவோமே, அப்படி ஒவ்வொரு அமுக்குக்கும் அது ஒரு ஏப்பம் விட்டது. ஒவ்வொரு ஏப்பத்துக்கும் இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

வேலை எல்லாம் முடிந்து கையைக் கழுவும்போது இவர் சொன்னார், "நான் அன்னைக்குச் சொன்னது சரிதான். ஆனா எல்லார் முன்னாடியும் சொன்னது சரியில்ல." தம்பி சோப்பை அவர் பக்கம் நீட்டினான். எனக்கு அதுவே போதும்.

சனிக்கிழமை காலையில் நானும் கூடப் போனேன். ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் அவன் நினைக்கக் கூடாது என்று முள்ளைப் பார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஏற்றம் ஆரம்பித்ததும் முள்ளின் பக்கமாகக் குனிந்துகொண்டேன். அவன் வழக்கமாக நிற்கிற முதல் இடம் வந்தது, இரண்டாவது இடமும் வந்தது. முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது.

"பேசேன்க்கா," என்றான்.

"முள்ளப் பாக்க விடு," என்றேன்.

பத்து மணிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். அவள் சீருடையில், தோளில் பையோடு வாசலில் நின்றிருந்தாள். குட்டி கேட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் எனக்கு ஒரு தலையசைப்பு கொடுத்தாள். நாங்கள் ஒருவர்மேல் ஒருவர் கோபமே பட்டதில்லை. நாத்தனாரும் தம்பி மனைவியும் என்று பார்த்தால் இது உலக அதிசயம்.

"இன்னைக்கு டிராஃபிக் இல்லையா?" என்று அவனிடம் கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் குழந்தையை ஏற்றிக்கொண்டு வந்திருக்கலாம். அவன் முதுகில் கிள்ளலாமா என்று நினைத்தேன். சொல்லு என்று கிள்ளுவதா, சொல்லாதே என்று கிள்ளுவதா என்று எனக்கே தெரியவில்லை.

"டிராஃபிக் என்னைக்குமே இல்ல," என்றான். "வண்டி கொதிச்சுது. ஏத்தத்துல நின்னுபோச்சு. சொன்னா இவள அனுப்ப மாட்டியேன்னு சொல்லல. நேத்து கண்டுபிடிச்சுச் சரி பண்ணியாச்சு. இப்ப ஏறி வந்தோம், ஒண்ணும் ஆகல."

அவள் முகம் மாறியது. "கொதிக்கிற வண்டியிலயா இவள ஏத்திட்டுப் போனீங்க?"

"திரும்பறப்ப இறக்கம்தான். ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் சொன்னது நியாயம், அவனுக்காகப் பரிந்து பேச என்னாலும் முடியவில்லை. அவள் என்னிடம் திரும்பினாள்.

"அண்ணி, நீங்க சொல்லுங்க. இந்த வண்டியில இவள அனுப்பலாமா?"

"எனக்கு இஞ்சினப் பத்தி என்னம்மா தெரியும்," என்றேன். "கிளம்பினதுலேர்ந்து அந்த முள்ளத்தான் பாத்துட்டு வந்தேன். நகரல. போறப்ப நான் பின்னாடி புள்ள பக்கத்துல உக்காந்துக்கறேன். அதத் தவிர சொல்றதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல."

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. அவள் அவனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். வேன் மறுபடி ஹாரன் அடித்தது.

"போய்ச் சேர்ந்ததும் நீங்க போன் பண்ணுங்க அண்ணி. அவர் வேணாம், நீங்க பண்ணுங்க," என்றாள். பிறகு கேட்டைத் திறந்துவிட்டாள். குட்டி பாய்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டது. அவள் வேனை நோக்கி நாலடி நடந்து திரும்பினாள். "அடுத்த வாரம் நின்னுபோச்சுன்னா, நின்னுபோச்சுன்னு சொல்லுங்க," என்றாள்.

அடுத்த வாரம் என்று அவள் சொன்னதை அவனும் கேட்டான், நானும் கேட்டேன். அவன் சரி என்று சொல்ல வாயெடுப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

இறக்கத்தில் கார் சத்தமில்லாமல் வந்தது. குட்டி என் பக்கத்தில் உட்கார்ந்து, முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவன் காதருகே வாயை வைத்தது.

"அப்பா, அந்த மருந்தெல்லாம் கெட்டுப்போகாம இருந்துச்சா?"

"எந்த மருந்துடா?"

"ஆஸ்பத்திரி மருந்து. பெரிய ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆயிடுச்சுல்ல. நிறைய பேருக்குக் குடுக்கற மருந்தாம், சூடானா வீணாப் போயிடுமாம். அப்பாவ விட்டா வேற யாராலயும் சரி பண்ண முடியாது, அதான் அப்பா வர லேட்டாகுதுன்னு அம்மா சொன்னாங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னாங்க."

தம்பி காரை மெல்ல ஓரங்கட்டி நிறுத்தினான். எனக்குப் பழக்க தோஷம், முள்ளைத்தான் முதலில் பார்த்தேன். அது நடுவில்தான் நின்றது. அவன் ஸ்டியரிங்கின்மேல் கையை மடித்து வைத்து, அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"அப்பா," என்று குட்டி அவன் தோளை ஆட்டியது. "மருந்தக் காப்பாத்திட்டீங்களா இல்லையா?"

"நான் காப்பாத்தலடா கண்ணு," என்றான் நிமிராமலேயே. "உங்கம்மாதான் காப்பாத்தினாங்க."

குட்டி என் பக்கம் திரும்பியது. "அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணத் தெரியுமா அத்தை?"

தெரியும் என்றேன். நன்றாகத் தெரியும் என்றேன்.